ஹன்டிங்டன் நோயில் மரபணு வெளிப்பாடு

ஹன்டிங்டன் நோய், நான்காம் குரோமோசோமில் உள்ள ஹன்டிங்டின் மரபணுவில் சைட்டோசின், அடினின், குவானின் என்னும் மூவெழுத்துத் தொடர் அளவுமீறி அடுத்தடுத்து வருவதால் உண்டாகி, பெற்றோருள் ஒருவர் வழியாகவே பிள்ளைக்கு இறங்கக்கூடிய நரம்புச் சிதைவு நோயாகும். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் ஆய்வுக்கு அளித்த குருதி மாதிரிகளின் துணையோடு 1993இல் இம்மரபணு இனங்காணப்பட்டது. அம்மூவெழுத்துத் தொடர் 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் ஏறத்தாழ உறுதி.

பழுது ஒரு மரபணுவில் இருப்பினும், மரபணுவின் செய்தி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருவாகும் மரபணு வெளிப்பாடு, வேறு பல மரபணுக்களிலும் குலைகிறது என்பதே இந்நோயின் முக்கிய இயல்பு. நரம்பணு மரபணுக்களை அடக்கும் ரெஸ்ட் என்னும் புரதத்தை இயல்பான ஹன்டிங்டின் புரதம் உட்கருவுக்கு வெளியே தடுத்து வைக்கிறது. திரிந்த ஹன்டிங்டினுக்கு அத்திறன் குறைவதால், உட்கருவுக்குள் சேரும் ரெஸ்ட், மூளைவழி நரம்பு வளர்ப்புக் காரணியின் உற்பத்தியைக் குறைக்கிறது. அக்காரணியைப் பெரும்பாலும் பெருமூளைப் புறணியிலிருந்தே பெறும் ஸ்ட்ரையேட்டம் பகுதியின் நரம்பணுக்கள் மற்றவற்றைவிட முன்னதாக மடிவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மேலும், டிஎன்ஏ சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் தொகுதிகளைச் சேர்த்துப் படியெடுப்புக்கு வழிதிறக்கும் சிபிபி என்னும் நொதியையும் திரிந்த புரதம் தன்னோடு பிணைத்து முடக்குகிறது.

ஹன்டிங்டின் ஆர்என்ஏவையே அழித்து நோயை மூலத்தில் தடுக்க முனைந்த டோமினர்சன் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்தளிப்பு 2021இல் நிறுத்தப்பட்டது.