நீரில் மறையும் கட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வருபவருக்குத் திடீரென மண்டை பிளக்கிறது. வாந்தி எடுக்கிறார், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. பித்தம் என்பார்கள், தூக்கம் கெட்டது என்பார்கள். ஆனால் குனியும்போதும் தலையைத் திருப்பும்போதும் அதே வலி வந்தால், மூளைக்குள் இருக்கும் நீரறைகளைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஊறி வடிகிறது. வழி அடைபட்டால் அறை வீங்கும்.

வழியை அடைப்பவற்றில் கொலாய்டு சிஸ்ட் ஒன்று. மூன்றாம் அறையின் கூரையில், பக்க அறைகளின் நீர் வந்து இறங்கும் மன்ரோ துளையின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். புற்று அல்ல. உள்ளே கெட்டியான கூழ் இருப்பதால் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் வெளுப்பாகத் தெரியும். பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், உப்பிய இரண்டு கருப்பு அறைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டாணி.

இன்னொன்று கட்டியே அல்ல. பன்றி நாடாப்புழுவின் குஞ்சு தங்கிய நீர்ப்பை. நான்காம் அறையில்தான் அதிகம் காணப்படும். தோல் மெல்லியது, உள்ளிருப்பதும் சுற்றியிருப்பதும் ஒரே மாதிரி நீர். அதனால் சி.டி. அதைக் காட்டாமலே விட்டுவிடும். அறைகள் பெரிதாயிருக்கின்றன, கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வரும். அதை முடிவாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஏன் பெரிதாயின என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய அடுக்குகளாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பையின் ஓரமும், அதற்குள் கடுகளவு புழுத்தலையும் பிடிபடும். பை இடம் மாறவும் கூடும். அதனால் அறுவைக்குச் சற்று முன் மறுபடி ஸ்கேன் எடுப்பதுண்டு. கொலாய்டு சிஸ்ட், புழுப்பை இரண்டிலுமே, ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது உயிருக்கே உலை வைக்கலாம்.

ஒன்றைப் போல் இன்னொன்று ஏமாற்றுவது இங்கே பழைய தொல்லை. மூளைத் திசுவில் தெரியும் சிறு கட்டி காசநோயா, புழுவா என்று பிரித்தறிய 1990களில் வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகர் குழு அளவுகோல் வகுத்தது. 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதா என்பது அதில் ஒன்று.

“நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?” என்று குடும்பத்தார் கேட்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் புழு வளரலாம். மூளைக்குப் போவது முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சு. அந்த முட்டை புழு உள்ள மனிதரின் கழுவாத கையிலிருந்து சோற்றிலும் தண்ணீரிலும் வருகிறது. சிகிச்சைக்கு வந்தால், கொலாய்டு சிஸ்டை எண்டோஸ்கோப்பில் எடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. புழுப்பையையும் அதே கருவியால் எடுக்கலாம். ஆனால் முட்டை வந்த இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டில் இருப்பவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.