ஜெர்மனியிடம் சிக்கிய 'ஹைதராபாத்' குண்டுவீச்சு விமானம்

ஹைதராபாத்: பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் முதல் உலகப் போர்க்கால இரட்டை இறக்கை விமானம் ஒன்று, இன்றும் 'ஹைதராபாத்' என்ற பெயரைத் தாங்கியுள்ளது. எஃப்1010 என்ற எண் கொண்ட டிஎச்9ஏ ரகக் குண்டுவீச்சு விமானம் அது.

ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் வழங்கிய நிதியில் 110-ஆவது படைப்பிரிவின் விமானங்கள் வாங்கப்பட்டன. கொடையாளரின் பெயர் ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டது. 'ஹைதராபாத் படைப்பிரிவு' என அழைக்கப்பட்ட இப்பிரிவின் சின்னத்தில் புலி இடம்பெற்றதற்கும் இத்தொடர்பே காரணம்.

1918 செப்டம்பரில் இப்பிரிவு பிரான்ஸின் பெத்தோன்கூர் தளத்தை அடைந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி கொலோன் நகரைத் தாக்கப் புறப்பட்ட அணி, அங்குச் செல்ல இயலாமல் கைசர்ஸ்லாட்டர்ன், பிர்மாசென்ஸ் பகுதிகளை நோக்கித் திரும்பியது. கேப்டன் இங்லிஸ், இரண்டாம் லெப்டினன்ட் பாட்லி ஆகியோர் சென்ற எஃப்1010, எதிரிப் பகுதியில் தரையிறங்க நேரிட்டது. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் போர்க் கைதிகளாயினர். போர் முடிவதற்கு அப்போது 37 நாட்களே எஞ்சியிருந்தன.

அதே மாதம் 21-ஆம் தேதி நடந்த தாக்குதலில் இப்பிரிவின் 7 விமானங்கள் திரும்பவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் எஃப்1010-இன் நிலை அதிர்ஷ்டமானதே. பெரிய சேதமின்றிக் கிடைத்த அதனை ஜெர்மானியர் வெற்றிச் சின்னமாக பெர்லின் அருங்காட்சியகத்தில் வைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கே அப்புறப்படுத்தப்பட்ட விமானம், பின்னர் போலந்தின் வசமானது. 1977-இல் ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றை கிராகோவ் அருங்காட்சியகத்துக்கு ஈடாக அளித்து பிரிட்டன் அதனை மீட்டது.