புல எண்ணும் செயற்கைக்கோளும்: சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் பாதுகாப்பு இடைவெளியை அளந்த வரலாறு

மருந்து கலக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும், இருப்புக் கிடங்குக்கும் குடியிருப்புக்கும், ஆலைக்கும் சாலைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. அந்த இடைவெளியை அரசு எக்கருவிகளால் அளந்தது, அளந்ததை எந்தெந்த அலுவலகத்தில் வைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அளக்கும் கருவி கூர்மையடைந்தாலும் அளவுகள் ஓரிடத்தில் சேரவில்லை என்பதே இதன் வாதம்.

காகித வரைபடக் காலம்

1884இல் வெடிபொருள் சட்டம் வந்தபோது சிவகாசி வானம் பார்த்த கரிசல் ஊர். ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1923இல் இங்கே வேரூன்றியது; பட்டாசு அதன் கிளையாக வளர்ந்தது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பட்டாசுத் தயாரிப்பை உரிம முறைக்குள் கொண்டுவந்தன. உரிம விண்ணப்பத்துடன் அளவுகோலுக்கு வரைந்த வளாக வரைபடமும் போக வேண்டியிருந்தது. பின்னாளில் உரிமங்கள் தரவாரியாகப் பிரிந்து, அவற்றைத் தரும் அலுவலகத்தின் பெயரால் 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்' என்று உள்ளூர்ப் பேச்சிலும் நிலைத்தன. வரைபடங்களும் உரிமம் தந்த அந்தந்த அலுவலகத்தின் கோப்புகளுக்குள் போயின.

வருவாய்த் துறையின் புல வரைபடம் தனி வழியில் சென்றது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் பட்டாவையும் அ-பதிவேட்டையும் புதுப்பித்தது. அதற்கிடையே 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து விருதுநகர் மாவட்டம் உருவானது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும்; அதன்மேல் நிற்கும் அறையில் என்ன வேலை நடக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை.

படப்புள்ளி சுருங்கிய காலம்

1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் படங்களில் ஒரு புள்ளி தரையில் 72.5 மீட்டரையும், கூர்மையான கருவியில் 36.25 மீட்டரையும் அடக்கியது. அறையும் அதைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடமும் ஒரே புள்ளிக்குள் கரைந்துவிடும். கண்மாய்ப் பரப்பையும் பயிரையும் கணிக்கப் போதுமான அந்தப் படம் பட்டாசு ஆய்வாளருக்கு உதவவில்லை. 2005இல் வந்த கார்ட்டோசாட்-1 புள்ளியை 2.5 மீட்டராகச் சுருக்கியது. 2019இன் கார்ட்டோசாட்-3 கால் மீட்டரை நெருங்கியபின் தனித்தனி அறைகளை எண்ணலாம். அவற்றின் இடைவெளியையும் அளக்கலாம். உரிமத்தில் இல்லாத புதிய தகரச் செட்டு முளைத்தால், இரு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும்.

படத்துக்குள் வராதவை

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். தீயைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த வெளியாட்களும் அவர்களில் அடக்கம். சட்டம் கட்டடங்களுக்கிடையே இடைவெளி கேட்கிறது. ஊரிலிருந்து ஆட்கள் ஓடிவரும் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே வெளிப்பட்டது உள்குத்தகை: ஒருவர் பெயரில் உரிமம், அறைகளில் பலரின் உற்பத்தி. வானிலிருந்து எடுத்த படத்தில் அறை தெரியும்; அறைக்குள் விதி அனுமதிக்கும் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பதும், அளவுக்கு மீறிக் குவித்த மருந்தும், கைமாறிய குத்தகையும் தெரியாது.

சேராத அளவுகள்

2018இல் விருதுநகர், முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றது. அத்திட்டத்தின் 49 குறியீடுகளும் மாவட்ட அளவிலான கணக்கு. ஆபத்து எந்தக் கிராமத்தின் எந்தப் புலத்தில் என்பது அதில் கிடைக்காது. இன்னொரு பக்கம், 2021 பிப்ரவரியில் வெளியான இந்திய அரசின் வரைபட வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன்அனுமதியின்றித் தரவு திரட்ட வழிவிட்டன. 2022இல் தேசிய புவிசார் கொள்கை வந்தது. தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பு புல எண்ணை நிலப்படத்தோடு இணைத்துத் திரையில் காட்டுகிறது.

2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சியாயின. இங்கேதான் வரைபடங்கள் அலுவலகவாரியாகப் பிரிந்து கிடக்கும் பழைய பிளவு கனக்கிறது. ஆலைக்காரர் தன் எல்லைக்குள் விதியை மீறாதபோதும், வெளியே வீட்டு மனைகள் நெருங்கி வந்தால் இடைவெளி சுருங்கும். மனைக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் படத்திலும் ஆலையின் பாதுகாப்பு எல்லை வரையப்பட்டிருந்தால்தான் அது தடுக்கப்படும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நடைமுறைகள் கிடைக்கின்றன. உரிமத்தோடு உள்ள வளாக வரைபடங்களைப் புல எண்ணோடு பொருத்தி எண்மமாக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது அண்மைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும். மனை அனுமதியின்போது பாதுகாப்பு எல்லையைக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். இவை இடைவெளி மீறல்களை ஆய்வாளர் கிளம்புமுன்பே மேசையில் காட்டிவிடும்; மிச்சப்படும் ஆய்வு நேரத்தை ஆள் எண்ணிக்கை, மருந்திருப்பு, உள்குத்தகை ஆகியவற்றுக்குச் செலவிடலாம்.