பட்டறையும் பாடசாலையும்

இயந்திரத்தை ஆக்கியவர் பெயரை உலகம் அறியும். அதனைப் பழுதுபார்ப்பவர் பெயரை அவர் வாழும் ஊர் மட்டுமே அறியும். ஆயினும் ஆக்கியோர் சிலருடைய வரலாற்றை அடியிலிருந்து நோக்கினால், அவர்களும் முதலிற் பழுதுபார்ப்போராகவே இருந்தனர் என்பது புலனாகும். சிறிய மோட்டார் சைக்கிளை எளிய மக்களின் வாசலுக்குக் கொண்டுவந்த யப்பானியரான சொயிச்சிரோ ஹொண்டாவும், பனிமேல் ஓடும் சிறு வண்டியை உலகுக்கு அளித்த கனடியரான ஜோசப் ஆர்மாண்ட் பொம்பார்டியேயும் அத்தகையோர். உலகின் இரு கோடிகளிலே வாழ்ந்த இவ்விருவரும், 1922ஆம் ஆண்டில், 15 வயதுச் சிறுவராய் இத்தொழிலின் வாயிலில் நின்றனர். சிறிய இயந்திரங்களைத் திருத்தும் கலையை ஒருவன் எவ்வாறு கற்கிறான் என்னும் வினாவுக்கு இவர்களுடைய இளமைக்காலம் நல்லதொரு விடையாகும்.

ஹொண்டா 1906ஆம் ஆண்டு, ஹமமட்சு நகரை அடுத்த கோமியோ என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் கொல்லர், தம் கம்மாலையிலே துவிச்சக்கர வண்டிகளையும் பழுதுபார்த்து வந்தார். துருத்தியின் ஓசையும் சம்மட்டியின் ஒலியும் கேட்டு வளர்ந்த மகன், 1922இல் டோக்கியோ சென்று, ஆர்ட் ஷொக்காய் என்னும் மோட்டார் வண்டித் திருத்தகத்திலே தொழில் பயிலச் சேர்ந்தார். சேர்ந்தவருக்கு வாய்த்த முதல் வேலை முதலாளியின் குழந்தையைச் சுமப்பது! தோளிலே குழந்தையும் கையிலே துடைப்பமுமாய் மாதங்கள் கழிந்தன. திருத்துகருவி கைக்கு எட்டவில்லை. எனினும் கண்ணுக்குத் தடையில்லை அன்றோ? வண்டி எவ்வாறு கழற்றப்படுகிறது, எவ்வாறு மீளப் பூட்டப்படுகிறது என்பதைச் சிறுவர் ஊன்றி நோக்கினார்.

1923ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் குலுக்கியது. தொடர்ந்து மூண்ட தீ நகரை அழித்தது. திருத்தகத்தில் இருந்தோருட் பலர் ஊர் திரும்பினர். எரிந்து கருகிய வண்டிகளோ மலைபோற் குவிந்தன. ஆள் குறைந்து வேலை மிகுந்த அவ்வேளையில், குழந்தை சுமந்த கைக்குக் கருவி கிடைத்தது. முதலாளியான யூசோ சக்கக்கிபாரா அவருடைய கைத்திறத்தைக் கண்டு படிப்படியாய்ப் பெரிய வேலைகளை ஒப்படைத்தார். 1928இல், அத்திருத்தகத்தின் பெயராலேயே ஹமமட்சுவில் ஒரு கிளையை நடத்தும் உரிமையை ஹொண்டா பெற்றார்.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, வல்கூர் என்னும் கிராமத்தில் 1907ஆம் ஆண்டு பிறந்த பொம்பார்டியேயின் பாதை சற்று வேறானது. மகனைக் குருவாக்க விரும்பிய பெற்றோர் அவரைக் குருமடப் பாடசாலைக்கு அனுப்பினர். மகனின் மனமோ சக்கரங்களிலேயே சுழன்றது. தந்தையார் பழுதுற்ற பழைய போட் வண்டியின் இயந்திரம் ஒன்றை அவரிடம் கொடுத்தார். அதனைத் திருத்திய சிறுவர், பனியிற் சறுக்கும் வண்டியிலே பொருத்தி, மரத்தாற் செதுக்கிய விசிறி ஒன்றைப் பின்புறத்திற் பூட்டினார். 1922ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, அவ்வண்டி கிராமத்துப் பனித் தெருவிலே பேரிரைச்சலுடன் ஓடியது. ஊரார் வியந்தனர்; தந்தையாரோ நடுங்கினார். மறைப்பு எதுவுமின்றிச் சுழன்ற அவ்விசிறி அருகில் வருவோரை வெட்டி வீழ்த்திவிடும் என்று கண்டு, வண்டியை உடனே கழற்றிவிடுமாறு பணித்தார். இயந்திரத்தை ஓடச் செய்வது வேறு, ஆபத்தின்றி ஓடச் செய்வது வேறு என்பது, இத்தொழிலில் அவர் பெற்ற முதற் பாடமாகும்.

17 வயதிலே குருமடத்தை விட்டு நீங்கிய பொம்பார்டியே, திருத்தகங்களிலே பயிலுநராய்ச் சேர்ந்தார். மொன்றியல் நகரிலே பகலில் வேலை செய்து, இரவில் இயந்திரவியல் வகுப்புக்களுக்குச் சென்றார். 1926ஆம் ஆண்டு, 19 வயதிலே, சொந்த ஊரில் தமக்கெனத் திருத்தகம் ஒன்றைத் தொடங்கினார். மோட்டார் வண்டி மட்டுமன்றி, உழவர் கொணரும் பண்ணை இயந்திரமும் அங்கே உயிர் பெற்றது. தேவையான கருவி கிடைக்காதபோது அவரே அதனைச் செய்துகொண்டார்.

இவ்விருவரும் கைப்பழக்கத்தாற் கற்றது யாது? சிறிய பெற்றோல் இயந்திரம் ஒன்று ஓட மறுக்குமாயின், தேர்ந்த திருத்துநர் உடனே அதனைக் கழற்றத் தொடங்குவதில்லை. மூன்று வினாக்களை முறையாய் எழுப்புகிறார். பிளக் எனப்படும் உறுப்பிலே தீப்பொறி பிறக்கிறதா? காபரேற்றர் வழியாக எரிபொருள் தக்க அளவு காற்றுடன் கலந்து வருகிறதா? பிஸ்டன் மேலெழும்போது சிலிண்டருக்குள்ளே போதிய அமுக்கம் உண்டாகிறதா? இம்மூன்றும் இருந்து, அவை உரிய வேளையில் நிகழுமாயின் இயந்திரம் ஓடியே தீரும். ஒன்று குறையினும் ஓடாது. அனுபவமுள்ளவர் பிளக்கின் நுனியிற் படிந்த கரியின் நிறங்கண்டே பாதி நோயை அறிந்துவிடுவர். நாடி பிடித்து நோயுணரும் வைத்தியரை ஒத்த திறன் இது. இதனை ஏட்டிலிருந்து மட்டும் பெறுதல் அரிது.

ஆயினும் கைக்கும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை ஹொண்டா 30 வயதளவிற் கண்டார். திருத்தகம் நன்கு நடந்துவந்த காலத்தில், பிஸ்டனைச் சூழ்ந்திருக்கும் வளையங்களைத் தாமே வார்த்து விற்க முயன்றார். சிலிண்டரின் அமுக்கம் கசியாது காப்பவை அவ்வளையங்களே. இரவு பகலாய் உழைத்தும் வார்ப்புக்கள் பயனற்றுப் போயின. சேமித்த பணம் கரைந்தது. ஈற்றில் ஹமமட்சு தொழில்நுட்பப் பாடசாலைக்குச் சென்று ஆசிரியர் ஒருவரிடம் வளையத்தைக் காட்டினார். ஆராய்ந்தவர், அதிலே சிலிக்கன் போதாது என்றார். எத்துணை ஆண்டுகள் சம்மட்டி பிடித்தாலும், உலோகத்தினுள் மறைந்திருக்கும் அக்குறையைக் கண்ணாற் கண்டுவிட இயலாது அன்றோ?

தம் அறியாமையை நாணாது ஒப்புக்கொண்ட ஹொண்டா, 1937ஆம் ஆண்டளவில், தம்மினும் இளைய மாணவரோடு அப்பாடசாலையில் அமர்ந்தார். தமக்கு வேண்டிய பாடங்களை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை, சான்றிதழும் பெறவில்லை. வளையம் உருவாயிற்று. எனினும் டொயோட்டா நிறுவனத்தின் சோதனைக்கு அனுப்பிய 50 வளையங்களுள் 3 மட்டுமே தேறின. அதன் பின்னும் பல்கலைக்கழகங்களையும் உருக்காலைகளையும் நாடிச் சென்று கேட்டறிந்தே அவர் குறையை நீக்கினார்.

பொம்பார்டியேயைத் தூண்டியது பெருந்துயர் ஒன்று. கியூபெக்கின் மாரிகாலத்திலே அந்நாளிற் கிராமத்துத் தெருக்கள் பனியால் மூடுண்டு கிடக்கும். மோட்டார் வண்டிகள் கொட்டிலுள் உறங்கும். 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இளம் மகன் குடல்வால் அழற்சியால் நோயுற்றான். அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஊரார் இயந்திரங்களையெல்லாம் ஓடச் செய்தவரின் கைகளிலே, தம் குழந்தையைக் காப்பதற்கு ஓர் இயந்திரம் இருக்கவில்லை. குழந்தை இறந்தது.

பல மாரிகளாய் அவர் செய்துவந்த பனிவண்டிச் சோதனைகள் அதன்பின் முதிர்ச்சி பெற்றன. இறப்பர் போர்த்த பற்சக்கரத்தாற் சுழலும் பட்டியை அமைத்து, வண்டி பனியிற் புதையாது செல்ல வழிகண்டார். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எழுவர் அமரக்கூடிய அவருடைய வண்டிகள், பனி மூடிய ஊர்களுக்கு வைத்தியரையும் தபாலையும் கொண்டுசென்றன. ஒருவர் இருவர் ஏறும் சிறு வண்டியைச் செய்யும் ஆசை மட்டும் நெடுங்காலம் நிறைவேறவில்லை. அக்காலத்து இயந்திரங்கள் அதற்குப் பாரமானவை. பாரங்குறைந்த சிறிய இயந்திரங்கள் வந்த பின்னரே, 1959ஆம் ஆண்டில், ஸ்கீ டூ என்னும் வண்டி பிறந்தது. அவர் 1964இல் மறைந்தார்.

ஹொண்டாவின் கைக்கும் சிறிய இயந்திரமே வழிகாட்டியது. போரில் நொந்த யப்பானிலே ரயில்களில் நெரிசல், பெற்றோலுக்குப் பஞ்சம். 1946இல், படையினரின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் அளிக்கவெனச் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த சிறு இயந்திரங்களை அவர் வாங்கினார். அவற்றைத் திருத்தித் துவிச்சக்கர வண்டிகளிலே பூட்டினார். வேண்டாதென ஒதுக்கப்பட்ட இயந்திரத்திலே புதிய பயனைக் கண்டது பழுதுபார்ப்பவரின் கண்ணே. 1948இல் ஹொண்டா மோட்டார் நிறுவனம் தோன்றியது. 1958இல் சூப்பர் கப் என்னும் சிறு வண்டி வெளிவந்தது. 2017ஆம் ஆண்டிலே அவ்வகை வண்டிகளின் தொகை 10 கோடியை எட்டியது.

வண்டிகள் பெருகவே, அவற்றைத் திருத்துவோரைப் பயிற்றும் முறையும் ஒழுங்கு பெற்றது. இரவு வகுப்பிலும் இடைவயதிலும் இவர்கள் தாமே தேடிச் சேர்த்துக்கொண்ட இரு கல்விகளையும், பிற்காலத்துப் பயிற்சித் திட்டங்கள் ஒன்றாகவே வழங்கின. கனடாவிலே மோட்டார் சைக்கிள் திருத்தப் பயில்வோர் பெரும்பகுதிக் காலத்தைத் திருத்தகத்திலும், எஞ்சிய சில வாரங்களை வகுப்பிலும் கழிக்கின்றனர். ஜேர்மனி 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால், பட்டறையும் பாடசாலையும் இணைந்த தன் பழைய முறையை உறுதிப்படுத்தியது. இலங்கையிலும் 1959ஆம் ஆண்டு, ஜேர்மனியின் உதவியுடன் வெரஹெரவிலே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்று, பஸ் வண்டிகளைத் திருத்தும் இளைஞரைப் பயிற்றியது.

இன்று காபரேற்றரின் இடத்தைப் பல வண்டிகளில் மின்னணுக் கருவி பிடித்துள்ளது. பிழையைத் திரையிலே காட்டும் கருவிகளும் வந்துள்ளன. ஆனால் தீப்பொறி, எரிபொருள், அமுக்கம் என்னும் மூன்று வினாக்களும் மாறவில்லை. திரை காட்டும் எண்ணின் பொருளை அறியப் படிப்பு வேண்டும். அவ்வெண் பிழையாகக் காட்டும்போது அதனை ஐயுறக் கைப்பழக்கம் வேண்டும்.

பதினைந்து வயதிலே கருவி ஏந்த விரும்பும் மகனைப் படிப்பு வராதவன் என்று ஒதுக்குவோர் எந்நாட்டிலும் உளர். ஹொண்டா பாடசாலைக்கு மீண்டதும், பொம்பார்டியே இரவு வகுப்புக்கு நடந்ததும் அவர்கள் கருதத்தக்கவை. தொழிலே அவ்விருவரையும் படிப்பினிடத்து அழைத்துச் சென்றது. வயலின் நீரிறைக்கும் பம்பும், கரையிலே காத்திருக்கும் படகின் இயந்திரமும், நோயாளியைச் சுமந்து விரையும் வண்டியும் உரிய வேளையில் ஓடுதல் வேண்டும். அவற்றை ஓடச் செய்யும் கைகளுக்கு அறிவையும், அறிவுக்கு உரிய மதிப்பையும் வழங்குவது ஒரு சமுதாயத்தின் கடனாகும்.