அச்சேறிய இசையும் கடல் கடவாத நூலும்

இசை குருமுகமாகக் கற்கவேண்டியது, ஏட்டைப் பார்த்துப் பாடுவது பாட்டாகாது என்பர் பெரியோர். கமகத்தை எழுத்திலே முற்றாக அடக்கிவிட இயலாது என்ற அளவில் இக்கூற்று மெய்யே. ஆயின் இதனைச் சொன்னோர் யாவர், எவருடைய பிள்ளைகளுக்குச் சொன்னார்கள் என்பதையும் நாம் சேர்த்துக் கேட்டல் வேண்டும். குரு வாய்த்தவனுக்கு நூல் ஒரு துணை. குரு வாயாதவனுக்கும், வாய்த்த குரு திண்ணைக்கு மேல் ஏற்ற மறுத்தவனுக்கும் நூலே வாசல்.

அவ்வாசல் எளிதிலே திறந்ததன்று. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் நெடுங்காலம் பரம்பரைச் செல்வமாகவே காக்கப்பட்டன. தென்னக இசையை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் அச்சிடப் பெருமுயற்சி செய்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும், எட்டயபுர அரசரின் பொருளுதவியும் சேர்ந்தே சுப்பராம தீட்சிதரை இணங்கவைத்தன. 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்திலே வெளிவந்தது. ஜமீன் பணத்தில் மக்களுக்குரிய சொத்தொன்று விளைந்தது வரலாற்றின் விநோதம். அப்பணமும் உழவன் செலுத்திய வரிதானே! எனினும் நூல் தெலுங்கெழுத்தில் இருந்தது. சென்னைச் சங்கீத வித்வத் சபை அதனைத் தமிழெழுத்தில் வெளியிடத் தொடங்கியது 1961இலே. தமிழ் மட்டும் அறிந்த மாணவனுக்கு அந்நூல் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊமையாகவே கிடந்தது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வேறு வழி கண்டார். சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு, சொந்த அச்சுக்கூடத்திலே 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். பயில்வோருக்கெனத் தமிழிலேயே பாடல்களையும் இயற்றினார். எமது விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. மறுபதிப்புக் காண 1974 வரை காத்திருந்தது. பெரும்புகழ் பெற்ற நூலுக்கே இக்கதியெனில், சரளி வரிசையும் அலங்காரமும் கீதமும் கற்பிக்கும் சிறு கைந்நூல்களை மீளப் பதிப்பிக்க எந்த வணிகன் முன்வருவான்?

யாழ்ப்பாணத்திலே 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடத்தலாயிற்று. பரீட்சை வந்தபின் பாடநூல் வேண்டும். நூல்களோ சென்னையில். தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்திய நூல்களின் வரவைச் சுருக்கின. 1981 யூன் முதலாந் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1990இலும் அடுத்த ஆண்டுகளிலும் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, வீட்டு அலமாரிகளில் எஞ்சியிருந்தவையும் சிதறின.

இன்று நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேறும் மாணவர் கைகளில் இருப்பவை பெரும்பாலும் போட்டோப் பிரதியின் போட்டோப் பிரதிகள். இதிலே ஓர் ஆபத்து உண்டு. சுர எழுத்தின் மேலே புள்ளியிட்டால் தார ஸ்தாயி, கீழே இட்டால் மந்தர ஸ்தாயி. மேலே இழுத்த கோடு காலத்தை இரட்டிக்கும். பிரதியெடுக்குந்தோறும் முதலில் மறைவன அப்புள்ளியும் கோடுமே. ஆசிரியர் அருகிலிருந்தால் திருத்துவார். சங்கீத ஆசிரியர் நியமிக்கப்படாத பாடசாலையிலே, அச்சுப்பிழையே பாடமாகிவிடுகிறது. பழைய பதிப்பின் நல்ல பிரதியொன்றை வாங்கலாமெனில், 'அரிய நூல்' என்ற பெயரால் விலை ஏறிவிடுகிறது. ஏழைப் பிள்ளைக்கு எட்டாதபடி நூலை அரிதாக்கியதும் சந்தை, அவ்வருமைக்கு விலை வைப்பதும் சந்தை.

சட்டம் இவ்விடத்தில் முழுத் தடையாக இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. சுப்பராம தீட்சிதர் 1906இலும், பண்டிதர் 1919இலும், அடிகளார் 1947இலும் மறைந்தனர். அவர்தம் மூலநூல்களை எவரும் அச்சிடலாம். பேராசிரியர் சாம்பமூர்த்தி 1973இல் மறைந்தவராதலின் அவர் நூல்களுக்கு அவ்வுரிமை இல்லை; உரியவரின் இசைவு வேண்டும். சரளியும் சண்டையும் புரந்தரதாசர் பெயரால் வழங்கும் வரிசைகள். அவை எவருடைய உடைமையுமல்ல.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. வீட்டிலே பழைய சங்கீதக் கைந்நூல் வைத்திருப்போர் அதனைப் படியெடுக்கக் கொடுக்கலாம். புள்ளிகளும் கோடுகளும் தெளியும்படி அதிலிருந்து நாற்பது பக்கங்களை மீள எழுத்துக்கோத்து, ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ உள்ள ஆசிரியர் சங்கங்கள் அடக்கவிலைக்கு அச்சிட்டுக் கொடுப்பது இயலாத காரியமன்று. அடுத்த தவணை தொடங்குமுன் இதனைச் செய்யலாம்.