ஒரு அடி நிலமும் பரங்கிமலைச் சங்கிலியும்

1) கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. வரப்புத் தகராறு கேஸ் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு மண்டையில் தையல், இன்னொருத்தருக்கு முன்கை எலும்பு முறிவு. பாதிப் பேர் அண்ணன் தம்பியாத்தான் இருப்பாங்க. எதுக்குய்யா சண்டைன்னு கேட்டா, "ஒரு அடி உள்ளே வந்துட்டான் சார்."

2) அந்த ஒரு அடியை யார் அளந்தது? எதை வெச்சு அளந்தது? அளந்தவரே தப்பா அளந்திருந்தா அதைக் கண்டுபிடிக்க என்ன வழி? சிவில் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்பது வேற மாதிரி: "ஜிபிஎஸ் இருக்கும்போது செயின், தியோடலைட் எல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?" ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே கதையில் இருக்கு. கதை நடந்த இடம் நம்ம பரங்கிமலை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

3) நான் சர்வேயர் இல்லை. ஆனா பிபி, சுகர், காய்ச்சல்னு நாள் முழுக்க அளவெடுக்கிறதுதான் எங்க பிழைப்பும். அளவு தப்பினா என்ன ஆகும்னு எங்களுக்கும் தெரியும்.

4) 1799. நான்காம் மைசூர் போர். ஜெனரல் பேர்டின் படை ஓர் இரவில் அணிவகுத்துப் போகிறது. படையிலிருந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி வானத்தைப் பார்த்துவிட்டு, "நாம தெற்கே போகலை, வடக்கே திப்புவின் படையை நோக்கிப் போறோம்" என்கிறார். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் நட்சத்திரங்கள் சொன்னதுதான் சரி. படை தப்பித்தது.

5) சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அதே லாம்டன் ஒரு திட்டத்தோடு வந்தார். தென்னிந்தியாவைக் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்க வேண்டும். பூமியின் வடிவத்தையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும். நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவர், "சீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். "கூகுள் மேப் இருக்கே சார்" என்பதன் அந்தக் காலப் பதிப்பு!

6) ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி இதற்குப் பணம் கொடுத்தது அறிவியல் ஆர்வத்தால் மட்டும் இல்லை. புதிதாகப் பிடித்த நாட்டில் படை நடத்தவும் வரி வாங்கவும் சரியான வரைபடம் வேண்டும். அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

7) 1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று நோக்கி ஒரு நேர்கோடு. நீளம் ஏறக்குறைய ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. இன்றைக்குப் போக்குவரத்து நெரிசலோடு சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். லாம்டனின் ஆட்கள் எடுத்துக்கொண்டது 57 நாள்.

8) கருவி: லண்டனில் ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டு, சுற்றி வளைத்து இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது.

9) 100 அடிச் சங்கிலியை 400 தடவை போட்டால் 12 கி.மீ. வந்துவிடும். இதற்கு எதுக்கு 57 நாள்? இங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது.

10) சூடு ஏறினால் எஃகு நீளும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒரு மாத்திரையின் தடிமன். யார் கவலைப்படப் போறாங்க? ஆனா 400 தடவை போட்டால் 1.4 மீட்டர். காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்பது சென்னையின் சித்திரை வெயிலில் ரொம்பச் சாதாரணம்.

11) அந்த 12 கி.மீ.யில் 1.4 மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. முக்கோணங்களைக் கட்டினால், அதே விகிதத்தில் கால் கிலோமீட்டருக்கு மேல் பிழை வரும். மாத்திரைத் தடிமன் ஒரு தெருவையே விழுங்கிவிடும்.

12) அதனால் சங்கிலியைத் தரையில் போடவில்லை. முளைகள் அடித்து, மேலே நீண்ட மரத் தொட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, சங்கிலியை அதற்குள் கிடத்தி, ஒரே அளவு இழுவிசை கொடுத்து, கூடவே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். தேய்மானம் தெரிய, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே இன்னொரு சங்கிலி. 57 நாள் எங்கே போனதென்று இப்போது புரியுதா?

13) மாணவர்களுக்கு: பிழையில் ரெண்டு வகை. ஒன்று, ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய என்று வந்து தானே ஈடுகட்டிக்கொள்வது. பல தடவை அளந்து சராசரி எடுத்தால் அடங்கிவிடும். இன்னொன்று, எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. இது சேர்ந்துகொண்டே போகும். ஆயிரம் தடவை அளந்தாலும் சராசரி இதைக் காப்பாற்றாது. காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினால்தான் உண்டு.

14) எங்க பக்கத்து உதாரணம். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டி பிபி பார்த்தால், பத்து தடவை பார்த்தாலும் பத்து தடவையும் அதிகமாகத்தான் காட்டும். அதை நம்பி மாத்திரை எழுதினால், இல்லாத வியாதிக்கு வாழ்நாள் மருந்து. மெஷின் மேல தப்பில்லை. பட்டையைப் பார்க்காத நம்ம மேலதான் தப்பு.

15) சரி, ஒரு கோடு கிடைத்தது. இனி சங்கிலியைத் தூக்கிக்கொண்டு காடு மலையெல்லாம் ஏற வேண்டாம். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்தால் போதும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மீதி ரெண்டு பக்கத்தையும் சைன் விதி சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. முதலில் நாட்டுக்கே பெரிய சட்டகம், பிறகு அதற்குள் ஊர், ஊருக்குள் வயல். "முழுமையிலிருந்து பகுதிக்கு" என்று சர்வே வகுப்பின் முதல் வாரத்தில் சொல்வார்களே, அது இதுதான். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு வயலின் பிழையும் அடுத்த வயலின் தலையில் விழும்.

16) முக்கோணம் தன்னைத்தானே சோதித்தும் கொள்ளும். மூன்று கோணமும் சேர்ந்தால் 180 டிகிரி வரணும். பெரிய முக்கோணங்களில் துளி கூடுதலாக வரும்; பூமி உருண்டை என்பதால் சுமார் 200 சதுர கி.மீ.க்கு ஒரு விகலை. அதைக் கழித்த பிறகும் இடித்தால், எங்கோ தப்பு. திரும்பப் போய் அளக்கணும்.

17) கோணம் அளக்க லண்டனிலிருந்து வந்த பெரிய தியோடலைட் சுமார் அரை டன். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது ஆயுதமில்லை, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆளுநரே சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

18) காவிரிச் சமவெளியில் ஏறிப் பார்க்கக் குன்று இல்லை. எங்கும் தென்னை, பனை. அதனால் கோபுரங்களே அளவை நிலையங்கள் ஆயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தியோடலைட்டை ஏற்றும்போது ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டு நெளிந்துபோனது. மாற்றுக் கருவிக்கு லண்டன்தான் போகணும். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பு, திருகு, கப்பி வைத்து ஆறு வாரத்தில் அதை மீண்டும் வட்டமாக்கினார்.

19) நெளிந்து நிமிர்ந்த கருவியை எப்படி நம்புவது? நம்பக் கூடாது என்பதுதான் பதில். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களாகவே பெங்களூரு வரை போனார்கள். அங்கே 1804இல் இன்னொரு ஆதாரக் கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்தார்கள். முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான். கணக்கை மெய்ப்பித்தது கருவியின் விலை இல்லை, இந்தச் சோதனை. தஞ்சை விபத்துக்குப் பிறகும் வழி அதேதான்: நடுநடுவே புதுக் கோடு அளந்து பார்ப்பது.

20) பலன்? சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே தீபகற்பத்தின் அகலம் அதுவரை நம்பியதைவிட சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது. நிலம் சுருங்கலை. பழைய வரைபடத்தை யாரும் சோதிக்கலை, அவ்வளவுதான்.

21) இனி ஒரு டாக்டராக எனக்கு வலிக்கும் பகுதி. 1818இல் லாம்டனுக்கு உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் சேர்ந்தார். கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காட்டில் மழைக்காலத்தில் அளக்கப் போனது அவருடைய அணி. கூட இருந்தவர் ஹென்றி வாய்சி, அளவைக் குழுவின் மருத்துவர், நிலவியலாளரும்கூட. காட்டுக் காய்ச்சல் அணியில் பெரும்பாலானவர்களை வீழ்த்தியது. எவரெஸ்ட் 1820இல் உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குப் போக வேண்டியதாயிற்று. வாய்சி 1824இல் இறந்துபோனார். பிற்பாடு இமயமலை அடிவாரத்துத் தராய்ச் சதுப்பில் அதே காய்ச்சல் இன்னும் பல உயிர்களைக் கொண்டுபோனது.

22) அன்றைய மருத்துவம் என்ன சொன்னது? கெட்ட காற்று, சதுப்பு நில ஆவி. சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்ததே 1820இல்தான். கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20. இடம் செகந்திராபாத். எவரெஸ்டின் ஆட்கள் விழுந்த அதே ஐதராபாத் சமஸ்தானம். கொடிபிடித்தவர், காடு வெட்டியவர், சங்கிலி தூக்கியவர் பெயர்கள் வரைபடத்தில் இல்லை. நாம் பயன்படுத்தும் வரைபடத்துக்கு அவர்கள் உயிரும் ஒரு விலை.

23) லாம்டன் 1823 ஜனவரியில், அளவைப் பயணத்தின் நடுவே, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். வேலை எவரெஸ்ட் கைக்கு வந்தது. அவர் செய்த முக்கியமான காரியம், தனக்கு முன்னே இருந்த பெரியவரின் அளவுகளையும் சந்தேகப்பட்டது. சில பகுதிகளைத் திரும்ப அளந்தார். சங்கிலிக்குப் பதில், இரும்பும் பித்தளையும் சேர்த்து வெப்ப விரிவைத் தானே ஈடுகட்டும் கம்பிகளைக் கொண்டுவந்தார். ஒரே கோணத்தை வட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப அளக்கவைத்தார். இதைத்தான் உங்க லேபில் "முகம் மாற்று, வட்டு மாற்று" என்று செய்யச் சொல்வார்கள். அவருடைய கருவிகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றிய கைகளில் ஒன்று ஆற்காட்டுக்காரருடையது: சையது மீர் மொஹ்சின் உசேன்.

24) முடிவு தெரிந்ததுதான். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. 1849-50இல் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து "பதினைந்தாம் சிகரம்" என்று குறித்த மலையின் கோணங்களை எடுத்தார்கள். ராதாநாத் சிக்தார் தலைமைக் கணக்கராக இருந்த அலுவலகத்தில் கணக்கு ஓடியது. ஆண்ட்ரூ வா அதை உடனே அறிவிக்கவில்லை. காற்றில் ஒளி வளைவதன் திருத்தத்தைப் பார்த்துப் பார்த்து, 1856இல்தான் சொன்னார்: 29,002 அடி. 2020இல் செயற்கைக்கோள் கருவிகளோடு சீனாவும் நேபாளமும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், சுமார் 29,032 அடி. வித்தியாசம் வெறும் 30 அடி!

25) இப்போ ஜிபிஎஸ் கேள்வி. ஜிபிஎஸ்ஸும் தூரங்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குதான். காற்று மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும், கட்டடத்தில் பட்டுத் திரும்பும், செயற்கைக்கோளின் கடிகாரம் நகரும். அதனால்தான் சர்வேயர்கள் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஒப்பிடுவதற்கென்று ஒரு சங்கிலியைத் தனியே வைத்தாரே லாம்டன், அதே வேலைதான். கையில் இருக்கும் போன் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளி இருக்கலாம். அதை வைத்து ஒரு அடிக்குச் சண்டை போடாதீங்க.

26) சென்னையில் மைக்கேல் டாப்பிங் 1794இல் சர்வே பள்ளியை ஆரம்பித்தபோது மாணவர்கள் எட்டே பேர். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. பரங்கிமலை அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வளாகத்தில் செயின் பிடித்து வெயிலில் நிற்கும் தம்பி தங்கைகளே, நீங்க கத்துக்கிறது சங்கிலி இழுக்க இல்லை. "என் அளவு தப்பா இருக்கலாம், எவ்வளவு தப்பு, அதை எப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று கேட்கப் பழகுகிறீர்கள். மெஷின் மாறும். இந்தக் கேள்வி மாறாது.

27) நாளைக்கு ஒரு கிராமத்தில் நீங்க அளந்து கல் நடுவீங்க. வெயிலா இருக்கு, பசிக்குது, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கத்துவாங்க. அப்பவும் இன்னொரு முனையிலிருந்து ஒரு தடவை சரிபார்த்துட்டுக் கிளம்புங்க. அந்தப் பத்து நிமிஷத்தை நீங்க மிச்சம் பிடிச்சா, மீதியை ராத்திரி ரெண்டு மணிக்கு நாங்க தையல் போட வேண்டியிருக்கும்.

 சிவில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் காட்டுங்க.