வலசைப் பறவைகளும் சோழநாட்டு நீர்நிலைகளும்: கரைவெட்டி ஏரியை முன்வைத்து

முன்னுரை

அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்துள்ளது கரைவெட்டி ஏரி. பாசனத்திற்காக உருவாக்கப்பட்ட இந்நீர்நிலை, ஏறத்தாழ 198 பறவையினங்கள் காணப்படும் சரணாலயமாகவும் விளங்குகிறது. வலசைப் பறவைகள் பற்றிய தமிழரின் அறிவும், அப்பறவைகளுக்கு இடமளித்த ஏரிகளும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கியம் காட்டும் வலசைத் திசை

புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குச் செல்லும் அன்னச்சேவலை, இடையே சோழநாட்டில் உறையூரில் கோப்பெருஞ்சோழனிடம் தங்கிச் செல்லுமாறு வேண்டுகிறார். காலத்தால் பிற்பட்ட சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடலும், குமரியில் நீராடி வடதிசை செல்லும் நாரையிணையைத் தம் ஊர்க் குளத்தில் தங்கிச் செல்லுமாறு வேண்டுகிறது.

இவ்விரு பாடல்களிலும் பறவைகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே செல்கின்றன. குளிர்காலத்தைத் தென்னகத்தில் கழித்துத் திரும்பும் வலசைப் பறவைகளின் திசை இதுவே. இரண்டிலும் சோழநாடு இடைவழித் தங்கலாக அமைகிறது. நாரைகள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன என்பதற்கு ஐரோப்பியர்க்கு நேரடிச் சான்று கிடைத்தது 1822இல்தான். ஆப்பிரிக்க ஈட்டி கழுத்தில் தைத்த நிலையில் ஒரு நாரை செருமனியில் பிடிபட்டபோது, அது கண்டம் கடந்து வந்தது தெளிவாயிற்று.

வரித்தலை வாத்தின் பயணம்

கரைவெட்டிக்கு வரும் வலசைப் பறவைகளுள் குறிப்பிடத்தக்கது வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத்து, இலடாக்கு ஆகிய பகுதிகளில் இனப்பெருக்கம் செய்யும் இது, இமயத்தைக் கடந்து தென்னகம் வருகிறது. இதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளி குறைந்த உயரத்திலும் அதனை வலுவாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட வாத்துகளுள் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததை ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது.

வடமொழி இலக்கியத்தின் ஹம்சம் வாத்தினமே என 1962இல் வெளிவந்த நூலில் வோகல் வாதிட்டார். அதனைக் கொண்டு புறநானூற்று அன்னத்தையும் வரித்தலை வாத்து என முடிவு கட்டுதல் பொருந்தாது. வரித்தலை வாத்து பெரும்பாலும் புல்லும் தானியமும் உண்பது. பாடலின் அன்னமோ மீன் உண்கிறது. எனவே இனத்தை உறுதி செய்வதற்கன்றி, வலசையின் திசையறிவிற்கே இப்பாடலைச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.

ஏரியும் எல்லையும்

நீர்நிலை உருவாக்கம் இப்பகுதியில் அரசின் பெருமிதமாகவே கருதப்பட்டது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அருகில் வெட்டுவித்த சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித்தூண் எனக் குறிக்கிறது.

கரைவெட்டி 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடைய இவ்வேரி ராம்சார் ஈரநிலமாகச் சேர்க்கப்பட்ட செய்தி 2024 சனவரியில் வெளியிடப்பட்டது.

ஆயினும் இவ்வேரியின் உயிர்நிலை அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. வடகிழக்குப் பருவமழையோடு, புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரி நீரும் இதனை நிரப்புகிறது. நீர்ப்பரப்பில் ஓய்வுகொள்ளும் வாத்துகள் வயல்களிலும் இரைதேடுகின்றன. மாவட்ட எல்லைகள் மாறியபோது பறவைகளின் வருகைக்கு இடையூறு நேரவில்லை. வாய்க்காலில் நீர் வாராது போயின் நேரும்.

முடிவுரை

கரைவெட்டியை இயற்கையாய் அமைந்த காட்டுப்புலமாக மட்டும் கருதுதல் வரலாற்றுக்கு முரணானது. உழவரின் நீர்த்தேவையே இப்பறவைகளின் தங்கலிடத்தை உருவாக்கிற்று. ஆகவே இங்குப் பறவைப் பாதுகாப்பு என்பது வேட்டையைத் தடுத்தலோடு முடிவதன்று. வரத்து வாய்க்காலைத் தூர்வாருதலும், கரையைப் பேணுதலும், சுற்றியுள்ள வேளாண்மையைக் காத்தலும் அதன் பகுதிகளே. பறவையைத் தங்கிச் செல்க என வேண்டிய மரபு, தங்குதற்குரிய நீரையும் காக்கும்போதே பொருளுடையதாகும்.